சவரச் சோப்பு குடியிருக்கும் பாத்திரம்

நுரை எவ்வாறு பிறக்கிறது, எதனால் நிலைக்கிறது என்பதைச் சென்ற அத்தியாயத்தில் ஆராய்ந்தோம். அந்த நுரைக்கு மூலமாகிய சோப்பு, முகம் துடைத்து ரேஸரை அலசி வைத்த பிறகு எங்கே, எதனுள், எந்த நிலையில் கிடக்கிறது என்பதைப் பற்றிச் சிந்திப்பவர் மிகச் சிலரே. பிரஷ்ஷின் மயிர் எந்தப் பிராணியினுடையது, பிளேடு எத்தனை தடவைக்கு வரும், சோப்பின் வாசனை சந்தனமா லவங்கமா என்றெல்லாம் பொழுது போவது தெரியாமல் வாதம் செய்யும் நண்பர்களே, அந்தச் சோப்பைக் கையில் அகப்பட்ட ஒரு டப்பா மூடியிலோ, காது உடைந்த காப்பிக் கோப்பையிலோ போட்டு வைத்துவிட்டு, மூன்றாம் மாதத்தில் சரக்கு மட்டம் என்று கடைக்காரரை நொந்துகொள்வதைப் பார்க்கிறோம். சரக்கின் மேல் குற்றம் சொல்லுமுன் அது குடியிருந்த இடத்தைச் சற்றே கவனிப்பது நியாயம்.

சவரம் பத்து நிமிஷக் காரியம். நாளின் எஞ்சிய பொழுது முழுவதும் சோப்பு தன் பாத்திரத்துக்குள் ஈரத்தோடு தனித்துக் கிடக்கிறது. ஆகையால், சவரச் சோப்புக்கு உகந்த பாத்திரம் எது என்ற கேள்விக்கு, நுரை எழுப்பும் அந்தப் பத்து நிமிஷத்தை மாத்திரம் கொண்டு விடை தேடினால் பாதி விடையே கிடைக்கும். அதன் பின்வரும் நீண்ட ஓய்வில், பாத்திரம் சோப்பின் ஈரத்தை எவ்விதம் போக்குகிறது, வேற்று வஸ்து எதுவும் அதனோடு கலவாமல் எவ்விதம் காக்கிறது என்பதே பிரதானமான பரீட்சை. ஈரம் போவதோ ஊரின் காற்றைப் பொறுத்தது. இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மரக்கிண்ணம் நம் நாட்டில் ஓரிரு கோடைக்குள் பிளந்துவிடுவதற்கும், ஒரே ஜில்லாவுக்குள்ளேயே ஒருவர் புகழும் டப்பாவை இன்னொருவர் தூற்றுவதற்கும் இதுவே காரணம்.

இதற்கு வாசுதேவநல்லூரைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தம் எளிதில் அகப்படாது. தென்காசியிலிருந்து கடையநல்லூர், புளியங்குடி வழியாக ராஜபாளையம் செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலை இடப்புறமாகவே கூட வந்துகொண்டிருக்க, சிவகிரிக்குச் சற்று முன்னால் இருக்கிறது இவ்வூர். அர்த்தநாரீசுவர வடிவில் இறைவன் எழுந்தருளியிருக்கும் சிந்தாமணிநாதர் கோயிலால் பெயர் பெற்றது. இங்கிருந்து குற்றாலம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும்போது, குற்றாலத்தில் சாரல் பொழிந்து, கொடியில் போட்ட வேட்டி மறுநாளும் காயாமல் தொங்குகிறது. அதே பருவத்தில், மலையின் மறைவில் இருக்கும் வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக்கு வரும் காற்றோ, தன் மழையில் பெரும்பகுதியைக் கேரளத்துச் சரிவிலேயே இறக்கிவிட்டு, வறண்ட காற்றாய் இறங்கிப் புழுதி கிளப்புகிறது. இவ்வூருக்கு உரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது. ஒரு பகற்பொழுதில் பஸ்ஸில் போய்த் திரும்பிவிடக்கூடிய தூரத்துக்குள் இரண்டு சீதோஷ்ணங்கள் இருப்பதனால், ஒரே சோப்பு இரண்டு விதமாகக் கெடுவதை இங்கே பிரத்தியட்சமாகக் காணலாம். சாரல் காலத்தில் குற்றாலத்து விடுதியறையின் ஜன்னல் திட்டில் வைத்த சோப்பு, காலையில் மேற்புறம் பிசினாய்க் குழைந்து, விரல் வைத்தால் குழி விழும்படி இருக்கும். சித்திரை வெயிலில் வாசுதேவநல்லூர் வீட்டில் இருக்கும் சோப்போ, உலர்ந்து சுருங்கி, கிண்ணத்தின் விளிம்பை விட்டு விலகி, எடுத்து அசைத்தால் லொடலொடவென்று ஆடும். பிரஷ்ஷை வைத்துச் சுழற்றினால் பிரஷ்ஷோடு சோப்பும் சேர்ந்து சுழலும், நுரை மட்டும் வராது.

இவ்விரண்டு கோலங்களுக்கும் காரணம் சோப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. கொழுப்பிலுள்ள அமிலங்களும் க்ஷாரமும் கூடியதே சோப்பு என்பதைப் பிரெஞ்சு ரசாயன அறிஞர் ஷெவ்ரூல் 1823இல் வெளியிட்ட நூலில் நிலைநாட்டினார். குளியல் சோப்பில் அந்த க்ஷாரம் பெரும்பாலும் சோடியத்தினுடையது. அதனால் கட்டி இறுகி நிற்கும், நீரில் நிதானமாகக் கரையும். சவரச் சோப்பிலோ பொட்டாசியம் க்ஷாரமும் கணிசமாகச் சேர்கிறது; அது கட்டியை மிருதுவாக்கி, ஈரப் பிரஷ் பட்ட மாத்திரத்தில் கரையச் செய்கிறது. சிறு சிறு குமிழிகளாலான அடர்ந்த நுரை நெடுநேரம் நிற்க வேண்டுமென்று ஸ்டியரிக் அமிலத்தையும், அந்த நுரை விரைவில் எழ வேண்டுமென்று தேங்காயெண்ணெயையும், தோல் வறளாதிருக்க வேண்டுமென்று கிளிசரினையும் சேர்க்கிறார்கள். பொட்டாசியம் சோப்பு நீரைக் கண்டால் உறிஞ்சிக் குழையும். கிளிசரினோ காற்றிலுள்ள ஈரத்தையே தன்பால் இழுத்துக்கொள்ளும். முகத்தில் இருக்கும்போது எந்தக் குணங்களை மெச்சுகிறோமோ, அந்தக் குணங்களே ஓய்வு நேரத்தில் சோப்புக்குச் சத்துருவாக முளைக்கின்றன. இவற்றோடு இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: நீரில் கரைந்த சோப்பு சுபாவத்திலேயே க்ஷாரத் தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 9க்கும் 10க்கும் இடையில் நிற்கும். பாத்திரத்தின் உலோகத்தைப் பற்றிப் பேசும்போது இந்த எண் மீண்டும் தலைகாட்டும்.

நாவிதரின் அடப்பத்தில் இந்தப் பிரச்சினை எழுந்ததில்லை. கத்தி, சாணைக்கல், தோல்வார், கண்ணாடி, சிறிய கிண்ணி ஆகியவை அடங்கிய அந்தப் பையில் கிண்ணி நீருக்கே உரியது. நீரைத் தொட்டுத் தாடையை நெடுநேரம் தேய்த்து, மயிரை இளக்கிச் சிரைப்பதே கிராமங்களில் பழைய முறை. சோப்பு வந்த பின்பும், சலூனில் காலை முதல் இரவு வரை பிரஷ் ஓயாமல் சுழல்வதால், ஒரு கட்டி காயவும் குழையவும் அவகாசமின்றியே தீர்ந்துபோகிறது. ஜில்லெட் 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பாதுகாப்பு ரேஸர் உலகெங்கும் பரவி, சவரம் அவரவர் வீட்டுக் காரியமாகிவிட்ட பிறகே, ஒரு சோப்புக் கட்டி ஒரே மனிதரின் தாடைக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும் நிலை உண்டாயிற்று. பாத்திரத்தைப் பற்றிய நம் விசாரமும் அங்கிருந்தே தொடங்குகிறது.

வீட்டுக்காரர் முதலில் கை வைத்தது, வீட்டில் இருந்த பித்தளையின் மேல்தான். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். பார்வைக்கு லட்சணமானது, கீழே விழுந்தால் நசுங்குமே தவிர உடையாது. ஆனால் பித்தளைக் கிண்ணியில் சில வாரம் கிடந்த சோப்பைப் பெயர்த்தெடுத்துப் பார்த்தால், அது தொட்டிருந்த வட்டம் முழுவதும் பச்சை பூத்திருக்கும்; சோப்பின் அடிப்புறத்திலும் ஓரங்களிலும் அதே பச்சை, நகத்தால் சுரண்டினாலும் போகாதபடி ஊறியிருக்கும். நாம் களிம்பு என்று சொல்லித் துடைத்துவிடும் இந்தப் பச்சையில் ஒரு பகுதி, செம்பு சோப்பின் கொழுப்பமிலத்தோடு கூடி உண்டாக்கிய செம்புச் சோப்பு. நீரில் கரையாதது, நுரை தராதது. அதைவிடப் பெரிய தீங்கு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. அற்ப அளவு செம்பு கலந்தாலும் போதும், சோப்பில் எஞ்சியிருக்கும் எண்ணெய்ப் பசை காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிக் காறிப்போவது துரிதமாகிவிடும். இரும்புக்கும் இந்தத் துர்க்குணம் உண்டு. சோப்பின் மேல் செம்மஞ்சள் புள்ளிகள் விழுவதும், சந்தன வாசனைக்குள்ளிருந்து பழைய எண்ணெய் வாடை எட்டிப்பார்ப்பதும் இதன் அடையாளங்கள். சோப்புத் தொழிற்சாலைகளில் இத்தகைய உலோகத் துணுக்குகளைப் பிடித்துக் கட்டிப்போடுவதற்கென்றே இ.டி.டி.ஏ. என்ற ரசாயனப் பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள் என்றால், அந்த உலோகத்தையே வீடாகக் கட்டி அதற்குள் சோப்பைக் குடிவைப்பது எவ்வளவு விபரீதம் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

ஈயம் பூசிய பித்தளை இந்தக் குற்றத்திலிருந்து ஒருவாறு தப்பும். வெள்ளீயப் படலம் சோப்பின் மிதமான க்ஷாரத்தை லட்சியம் செய்வதில்லை. ஆனால் நாள்தோறும் பிரஷ் சுழன்று தேய்க்கும் இடத்தில் படலம் தேயும்; தேய்ந்த இடத்தில் செம்பு தலைகாட்டும்; மறுபடி பூசிக்கொள்ளலாமென்றால், ஈயம் பூசுகிறவரின் குரல் தெருவில் கேட்பதே அபூர்வமாகிவிட்டது. வெண்கலத்தைப் பற்றியும் சிலர் கேட்கக்கூடும். தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த பண்டைக் கலங்களில், வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தை அத்தனை மெல்லியதாக வேலை செய்திருக்கும் திறனைக் கண்டு வியக்காதவர் இல்லை. அக்கைகளுக்கு வணக்கம் செலுத்துவோம். ஆயினும் வெண்கலத்திலும் முக்கால் பங்குக்கு மேல் செம்பே ஆகையால், சவரச் சோப்பை அதனிடம் ஒப்படைக்க வேண்டாம்.

அலுமினியத்தின் சரித்திரத்தில் சென்னைக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் 1898இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் பரீட்சைகளைத் தொடங்கினார். அதன் பயனாக அடுத்த சில ஆண்டுகளுக்குள் அது ஒரு தொழிலாகவே வளர்ந்து, களிம்பேறாத, கனமில்லாத, மலிவான பாத்திரம் என்ற கீர்த்தியோடு சாமானியரின் சமையலறைக்குள் புகுந்தது. சமையலறையிலிருந்து கிணற்றடிக்கு வந்து சவரக் கோப்பையானதும் இயல்பே. ஆனால் அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகவே படர்ந்திருக்கும் மிக மெல்லிய ஆக்ஸைடுப் படலம் ஒன்றுதான். நடுநிலையான நீரையும் சொற்பப் புளிப்பையும் தாங்கும் அந்தப் படலம், பி.எச். அளவு 9ஐ நெருங்கித் தாண்டும்போது கரையத் தொடங்குகிறது. படலம் போன இடத்தில் உலோகம் நீரோடு வினைபுரிந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஹைட்ரஜன் வாயுவை விட்டுக்கொண்டு, தான் கறுத்து, சொரசொரத்துப் போகிறது. சோடா உப்பு இட்டுக் கொதிக்க வைத்த அலுமினியக் குண்டான் கன்னங்கரேலென்று ஆவதைக் கண்டிருக்கும் இல்லத்தரசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோடாவில் ஒரு நாழிகையில் நடப்பது சோப்பில் பல வாரங்களில் நடக்கிறது. சொரசொரத்த உட்புறத்தில் பழைய சோப்பு அப்பிக்கொண்டு கழுவினாலும் போகாமல், வெள்ளை நுரையில் சாம்பல் நிறம் கலந்து வருவதைப் பார்த்த பிறகும் அந்தக் கோப்பையை வைத்துக்கொண்டிருப்பது வெறும் பழக்க தோஷம்.

இவ்விரண்டின் குறைகளையும் தீர்க்க வந்தது எவர்சில்வர். 1913இல் ஷெபீல்டு நகரத்தில் ஹாரி பிரேர்லி கண்டறிந்த துருப்பிடியாத எஃகின் வமிசத்தைச் சேர்ந்தது இது. நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் சேர்ந்த எஃகின் மேல் ஒரு படலம் உண்டாகி, கீறினாலும் தானே மறுபடி மூடிக்கொள்கிறது. சோப்பின் க்ஷாரம் அதை அசைப்பதில்லை. செம்போ இரும்போ சோப்பில் கசியும் என்ற அச்சமும் நாள்தோறும் நாம் உபயோகிக்கும் மிதமான நிலையில் இல்லை. வாசுதேவநல்லூர்க் கடைத்தெருவில் எந்தப் பாத்திரக் கடையில் நுழைந்தாலும் கிடைக்கும், கீழே விழுந்தாலும் கவலையில்லை. இதன் குறை ஒன்றே: உட்புறம் கண்ணாடி போல் வழுவழுப்பாக இருப்பதனால், கோடையில் சுருங்கிய சோப்பு பிடிப்பின்றி வழுக்கிச் சுழலும். புதுச் சோப்பை அப்படியே உள்ளே போடாமல், காய்துருவியில் துருவிச் சொட்டு நீர் தெளித்து, கட்டை விரலால் ஓரம் வரையில் அழுத்திப் பதித்துவிட்டால், சோப்பும் கிண்ணமும் ஒட்டி நிற்கும். பிறகு சுருங்கினாலும் நடுவில் ஒரு வெடிப்பு விழுமே தவிரக் கட்டி பெயர்ந்துவராது. வாங்கும்போது வெளிப்பக்கம் துலக்கி, உட்பக்கம் மங்கலாக விட்ட கிண்ணமாகத் தேர்ந்தால் இன்னும் உத்தமம்.

உலோகங்களை விட்டு மண்ணுக்கு வருவோம். உப்பும் புளிப்பும் உலோகத்தைத் தின்னும் என்பதை ரசாயன சாஸ்திரம் படியாமலே அறிந்திருந்த நம் பாட்டிமார், மாவடுவையும் எலுமிச்சை ஊறுகாயையும் பீங்கான் பரணியில் போட்டு வைத்தார்கள். புளிப்பைத் தாங்கும் மெருகு சோப்பின் க்ஷாரத்தையும் தாங்கும். பரணியின் குணம் சவரக் கிண்ணத்துக்கும் பொருந்தும். விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளிலிருந்து வரும் சாதாரணக் கிண்ணமே இதற்குப் போதும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சலூன்களில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவர் பெயரும், சில வேளைகளில் அவர் தொழிலின் சித்திரமும் தீட்டிய பீங்கான் கோப்பை ஒன்று அலமாரியில் வரிசையாகக் காத்திருந்ததற்கு அலங்காரத்தோடு இந்த உறுதியும் காரணமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பீங்கான் என்று பெயர் சொல்லி விற்பவை யாவும் பீங்கான் ஆகா. அதிக உஷ்ணத்தில் வெந்து இறுகிய உண்மைப் பீங்கான் தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் நீரை உறிஞ்சாது. குறைந்த உஷ்ணத்தில் வெந்த மண்ணுக்கு மேலாக மெருகு மட்டும் ஏற்றிய மலிவுச் சரக்கோ, உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. நாளாவட்டத்தில் அந்த மெருகில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வலைபின்னி, சோப்புநீர் உள்ளே இறங்கிப் பழுப்புக் கோடுகளாகத் தங்கிவிடும். கண்டறிவது எளிது. கிண்ணத்தைக் கவிழ்த்து, மெருகு படாத அடி வளையத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்க வேண்டும். சொட்டு அப்படியே நின்றால் வாங்கலாம், சுவறிப்போனால் வைத்துவிடலாம்.

மெருகில்லாத மண்கலத்தைப் பற்றி எனக்கு ஒரு காலத்தில் மிகுந்த ஆவல் இருந்தது. காருகுறிச்சிக் குயவர்களின் கைவேலையில் அமைந்த சிறு கிண்ணங்களின் வடிவழகை யார்தான் மறக்க முடியும்? சோப்பின் அடி ஈரத்தைச் சுவர் உறிஞ்சி வெளியே ஆவியாக விடும் என்பது யோசனை. வாசுதேவநல்லூரின் வறட்காற்றில் அது நடக்கவும் நடக்கிறது. ஆயினும் நீரோடு கூடச் சோப்பும் சுவருக்குள் போய், வெளிப்புறத்தில் வெள்ளைப் பொருக்காகப் பூத்துவிடுவதால், சோப்பில் ஒரு பங்கைக் கிண்ணமே சாப்பிட்டுவிடுகிறது. சாரலில் இந்தக் கிண்ணம் காயவே காயாது. மண்பாண்டம் தண்ணீருக்கும் குழம்புக்கும் உரியது, அங்கேயே இருக்கட்டும்.

மரத்தின் விஷயம் சுருக்கமானது. மரம் ஈரத்தை ஏற்றால் பருக்கும், இழந்தால் சுருங்கும். வருஷ வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, அதற்குக் குறுக்கே சுருங்கும் அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே கடைசலில் வட்டமாகப் பிறந்த கிண்ணம், ஐப்பசி மழையும் சித்திரை வெயிலும் மாறி மாறி அடிக்கும் ஊரில் முட்டை வடிவாகி, ஒரு நாள் விளிம்பில் கீறல் விட்டுவிடுகிறது. தேக்கு இதைப் பெரிதும் தாங்கும். மெருகெண்ணெய் ஊட்டிய தேக்குக் கிண்ணம் வைத்திருப்பவர் அதைக் கைவிட வேண்டியதில்லை. புதிதாக வாங்குகிறவருக்கு நான் மரத்தைச் சிபாரிசு செய்வதற்கில்லை.

பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளிக்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால் பிளாஸ்டிக் என்பது ஒரு வஸ்துவின் பெயரன்று, ஒரு பெருங் குடும்பத்தின் பெயர். அதில் சாதுவும் உண்டு, போக்கிரியும் உண்டு. இத்தாலியில் நாட்டா 1954இல் உருவாக்கிக் காட்டிய பாலிபுரோப்பிலீன் சாது. க்ஷாரமும் வாசனைத் தைலமும் அதை ஒன்றும் செய்வதில்லை, வெந்நீரையும் தாங்கும். பளபளவென்று கண்ணாடி போல் தோன்றி, தட்டினால் 'டக்'கென்று ஒலிக்கும் பாலிஸ்டைரீன் அப்படிப்பட்டதன்று. இதைப் பரீட்சிக்க வாசுதேவநல்லூர்வாசிகள் வெகுதூரம் போக வேண்டாம். எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன புளியங்குடி பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு பழத்தின் தோலைப் பாலிஸ்டைரீன் மூடியின் மேல் மடித்துப் பிழிந்து, தெறித்த தைலத்தை அப்படியே விட்டுவைத்துப் பார்த்தால், பளபளப்புப் போய் அவ்விடம் மங்கி இளகிப் பிசுபிசுக்கக் காணலாம். தோலின் தைலத்திலுள்ள லிமோனீன் என்ற பொருள் பாலிஸ்டைரீனைக் கரைக்க வல்லது. எலுமிச்சை, ஆரஞ்சு வாசனையிட்ட சவரச் சோப்புகளில் அதே லிமோனீன் இருக்கிறது; அச்சோப்பைச் சுமந்த மலிவு டப்பா சில மாதங்களில் சிலந்தி வலைபோல் வெடித்துக்கொள்வதன் ரகசியம் இதுவே. டப்பாவின் அடியில் முக்கோணக் குறிக்குள் எண் 5 இருந்தால் பாலிபுரோப்பிலீன், 6 இருந்தால் பாலிஸ்டைரீன். இந்த ஓர் எண்ணைப் பார்த்து வாங்கினால் பிளாஸ்டிக்கைப் பழிக்க வேண்டிய அவசியம் நேராது.

இனி, உஷ்ணம். வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய கிண்ணத்தில் நுரை அடித்தால் அது முகத்துக்கு இதமாக இருக்கும் என்பதால், உஷ்ணத்தைக் காக்கும் பாத்திரத்தைத் தேடுகிறவர் பலர். உஷ்ணத்தைக் கடத்தும் சக்தியை எண்ணால் குறித்தால், அலுமினியத்துக்கு 200க்கு மேலும், பித்தளைக்கு 100க்குச் சற்று மேலும், எவர்சில்வருக்கு 15 அளவிலும், பீங்கானுக்கு 1 அல்லது 2 அளவிலும், மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் கால் பங்குக்கும் குறைவாகவும் வரும். ஆனால் நுரையின் கனம் சொற்பம். அதைச் சூடாக வைத்திருப்பது பாத்திரத்தின் சுவரில் சேமித்த உஷ்ணமே. எனவே கனத்த பீங்கான் இங்கே முதலிடம் பெறும், மெல்லிய தகட்டுக் கிண்ணம் கடைசி இடம் பெறும். இங்கிலாந்தில் இரட்டைச் சுவர் வைத்து நடுவே வெந்நீர் ஊற்றும் கோப்பைகள்கூடச் செய்தார்கள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் நீரே பங்குனி, சித்திரையில் கையைச் சுடும் ஊரில் அந்த ஏற்பாடு வீண் ஆடம்பரம்.

வடிவத்தை விட்டுவிட்டால் சரக்கைப் பற்றிய இத்தனை ஆராய்ச்சியும் பயன்படாது. சோப்பு இருக்கும் பாத்திரமும் நுரை அடிக்கும் பாத்திரமும் ஒன்றாகவே இருக்க வேண்டுமென்ற நியதியில்லை. இரண்டாக இருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். ஒன்றேயானால், ஒவ்வொரு நாளும் மிஞ்சிய நுரையும் நீரும் சோப்பின் மேலேயே தங்கி, அதைக் குழைக்கும். சோப்புக்கான கிண்ணம் ஆறு முதல் எட்டு சென்டிமீட்டர் அகலமும், சோப்பின் மேல்மட்டத்துக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளியும் உடையதாக இருந்தால், பிரஷ்ஷின் நுனி விரிந்து சுழலவும், நுரை வழியாமல் இருக்கவும் போதுமானது. உட்புறத்தில் அடியும் சுவரும் சந்திக்கும் இடம் கோணமாக இராமல் வளைந்து இறங்க வேண்டும். கோணத்தில்தான் பழைய சோப்பு ஒளிந்துகொண்டு காறும். குளியல் சோப்புக்கு நல்லதான துளையிட்ட தட்டு சவரச் சோப்புக்கு ஆகாது. பிரஷ்ஷின் அழுத்தத்தில் மிருதுவான சோப்பு துளைவழியே பிதுங்கிப்போகும்.

மூடி இருக்கலாமா என்பதில் அபிப்பிராய பேதம் அதிகம். மூடியில்லாத கிண்ணம் புழுதிக்கும் பல்லிக்கும் திறந்த வீடு. இறுகத் திருகும் மூடியோ ஈரத்தைச் சிறைவைக்கிறது. ஈரச் சோப்பை உடனே மூடி வைத்தால், உள்ளிருக்கும் சிறிதளவு காற்று சீக்கிரமே ஈரத்தால் நிறைவுற்று, அதற்கு மேல் ஒரு துளியும் ஆவியாகாமல், மறுநாள் வரை சோப்பு ஊறிக்கொண்டே கிடக்கும். க்ஷாரத்தில் பூஞ்சணம் எளிதில் முளைப்பதில்லையாயினும், மூடியின் உட்புறத்திலும் பிரஷ்ஷின் மயிர்க்காலிலும் அது இடம் பிடித்துக்கொள்ளும். ஆகவே மூடி வேண்டும். ஆனால் திருகு மரையின்றிச் சும்மா கவிழ்ந்து உட்காரும் மூடியே வேண்டும். வாசுதேவநல்லூரில் காலையில் திறந்து வைத்து நண்பகலில் மூடினால் சரியாக இருக்கும். கோடையில் இன்னும் முன்னதாக மூடினால், வெயில் சோப்பை வறட்டிச் சுருக்குவது குறையும். சாரல் வீசும் குற்றாலத்தில் எவ்வளவு திறந்து வைத்தாலும் காற்றே ஈரமாக இருப்பதால், கிளிசரின் மேலும் ஈரத்தை இழுக்குமே தவிர விடாது. அங்கே சோப்பின் மேற்பரப்பைத் துணியால் ஒற்றி எடுத்து, இறுக்கமான டப்பாவில் அடைத்து வைப்பதே புத்திசாலித்தனம். பிரயாணத்துக்கு ஒரு திருகு டப்பாவும், வீட்டுக்கு ஒரு தளர் மூடிக் கிண்ணமும் வைத்திருப்பவர் இரண்டு சீதோஷ்ணத்தையும் சமாளித்தவராவார்.

நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மலையிலிருந்து நேரே விழும் அருவிநீர் மென்மையானது. சமவெளியின் ஆழ்கிணறுகளில் பலவற்றில் சுண்ணாம்புச் சத்து கரைந்த கடின நீர் வருகிறது. கடின நீரிலுள்ள கால்சியம் சோப்போடு கூடி, கரையாத வெள்ளைப் பிசுக்காகக் கிண்ணத்தில் படியும். வழுவழுப்பான பீங்கானிலும் எவர்சில்வரிலும் அதை நீர்த்த வினிகராலோ எலுமிச்சை மூடியாலோ தேய்த்துப் போக்கிவிடலாம்; சொரசொரப்பான சுவரிலிருந்து போக்குவது பிரயாசை. சவரத்துக்குப் பின் முகத்தில் தேய்க்கும் படிகாரக் கல்லைச் சோப்புக் கிண்ணத்திலேயே போட்டு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது அடியோடு தவறு. படிகாரத்திலுள்ள அலுமினிய உப்பு சோப்போடு சேர்ந்து, கரையாத அலுமினியச் சோப்பாக மாறி, இரண்டையும் ஒருங்கே கெடுக்கும். ரேஸரையும் அப்படிப் போட்டு வைக்கலாகாது; இரும்புக் கறையைப் பற்றி முன்பே சொன்னோம்.

இத்தனையும் வாசித்த பின், எதை வாங்கலாம் என்று நேராகக் கேட்பவருக்கு என் தீர்ப்பு இது. வீட்டில் ஒரே இடத்தில் வைத்துப் புழங்குகிறவர் கனத்த, முழுதும் வெந்த பீங்கான் கிண்ணத்தைத் தளர் மூடியோடு வாங்கட்டும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டிலும், கிணற்றடியிலும் எவர்சில்வரே மேல். சோப்பை அதில் துருவிப் பதித்துக்கொள்ள வேண்டும். பிரயாணப் பைக்குள் எண் 5 பொறித்த டப்பா ஒன்று கிடக்கட்டும். அலுமினியக் கோப்பையோ பித்தளைக் கிண்ணியோ ஏற்கெனவே வைத்திருப்பவர் அதைத் தூர எறிய வேண்டாம். ரேஸர் அலசும் நீரை அதில் வைத்துக்கொள்ளலாம். சோப்பை மட்டும் இன்றே அதிலிருந்து எடுத்து, அடியில் கறை ஊறிய பகுதியைக் கத்தியால் சீவிவிட்டு, வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிடுங்கள்.